காசநோயும் நுரையீரலின் காவல் செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனிடம் கேள்விகள் ஜன்னல் வழியாகத்தான் வரும். முடிவுச் சீட்டை வாங்கிக்கொண்டும் சிலர் நகராமல் நிற்பார்கள். "மூணு பிளஸ்னா என்ன சார்?" என்று ஆரம்பித்து, "ஒரே வீட்டுலதானே படுத்து எழுந்தோம், எனக்கு ஏன் வரல?" என்பதில் வந்து நிற்கும். கிருமியைப் பற்றி மட்டும் சொன்னால் இந்தக் கேள்விகளில் பாதிக்குக்கூடப் பதில் கிடைக்காது. நம் நுரையீரலில் குடியிருக்கும் செல்கள் அந்தக் கிருமியை என்ன செய்கின்றன என்று தெரிந்தால்தான் விளங்கும். பின்னால் நிற்கும் வரிசையை வைத்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல நேரம் இருப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

மூச்சில் போன கிருமி முதலில் யாரிடம் சிக்குகிறது?

நோயாளி இருமும்போதும் உரக்கப் பேசும்போதும் தெறிக்கும் துளிகள் காற்றில் காய்ந்து சுருங்குகின்றன. பெரிய துளிகள் மூக்கிலும் மூச்சுக்குழாய்ச் சளியிலும் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள பொடித்துளிகள்தான் காற்று நுண்ணறைகள் வரை இறங்குகின்றன. நமக்கு 30 முதல் 50 கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும், அதாவது 750 சதுர அடி வீட்டின் தரை. அந்தத் தரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருப்பவை பெருவிழுங்கு செல்கள். ஆய்வகங்களில் மேக்ரோஃபேஜ் என்போம்.

இவற்றை நான் தினமும் பார்க்கிறேன். ஆழமாக இருமி எடுத்த நல்ல சளியில் இவை உருண்டையாகக் கிடக்கும். வயிற்றுக்குள் கறுப்புத் தூசி தெரியும்: அடுப்புப் புகை, பீடிப் புகை, ரோட்டுப் புகை. வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கன்னத்தின் தட்டைச் செல்கள்தான் இருக்கும். "காலையில் எழுந்ததும் நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்து வாங்க" என்று திருப்பி அனுப்புவது அதனால்தான்.

விழுங்கிவிட்டதே, பிறகு ஏன் கிருமி சாகவில்லை?

காசநோயின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் காரணம், இந்தச் செல்லின் சுபாவம். நுண்ணறையின் சுவர் மிக மெல்லியது. ஒவ்வொரு தூசிக்கும் ஊரைக் கூட்டினால் அங்கே வீக்கம் வந்து மூச்சே விட முடியாமல் போய்விடும். அதனால் சத்தமில்லாமல் விழுங்கிச் செரிப்பதற்கே அது பழகியிருக்கிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய முதல் நாட்களில் அது அபாயமணி அடிப்பதைவிடத் தன்னைக் காத்துக்கொள்ளும் மரபணுக்களையே அதிகம் முடுக்குகிறது என்று 2019இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. நாள்தோறும் நமக்கு நன்மை செய்யும் இந்த அமைதியே இங்கே கிருமிக்கு அவகாசமாகிறது.

இரண்டாவது காரணம், கிருமியின் வேலை. விழுங்கப்பட்ட எதுவும் முதலில் ஒரு சிறு பைக்குள் அடைபடும். அந்தப் பையோடு லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து கலக்கும். அதில் இருப்பது செரிமானச் சாறு. பை புளித்து அமிலமாகி உள்ளே இருப்பது கரைய வேண்டும். காசநோய்க் கிருமி இந்தக் கலப்பையே தடுத்துவிடுகிறது. 1971இல் ஆம்ஸ்ட்ராங், ஹார்ட் என்ற இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் கண்டார்கள்: உயிரோடுள்ள கிருமி இருக்கும் பையில் லைசோசோம் கலக்கவில்லை, செத்த கிருமி இருக்கும் பையில் கலந்தது. பைக்குள் அமிலத்தை இறைக்கும் பம்பைக் கிருமியின் ஒரு புரதம் நிறுத்திவிடுகிறது என்பது பிறகு தெரியவந்தது. புளிப்பை அளக்கும் பி.எச் எண் குறையக் குறைய அமிலம் கூடும். அந்த எண் 5க்கு அருகே இறங்க வேண்டிய பை 6.2, 6.4 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. கிருமிக்கு அது தாங்கக்கூடிய இடம்.

மூன்றாவது, அதன் மேல்சட்டை. மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு அடர்ந்த சுவர் அது. என் மேசையில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி வரும்வரை சூடாக்கி, பிறகு அமிலத்தால் கழுவும்போது மற்ற எல்லாம் வெளுத்துவிடும். இந்த ஒன்று மட்டும் சிவப்பை விடாது. சாயத்தைப் பிடித்து வைக்கும் அதே மெழுகுதான் செல்லுக்குள்ளும் அதைக் காக்கிறது.

இன்னொன்றும் செய்கிறது. பையின் சுவரையே ஓட்டை போட உதவும் புரதங்களைக் கிருமி வெளியே தள்ளுகிறது. இசாட்-6 அவற்றில் பெயர் பெற்றது. கடைசியில் காவல் செல்லே செத்து உடைய, கிருமிகள் வெளியே வருகின்றன. செத்த செல்லை அப்புறப்படுத்த அடுத்த பெருவிழுங்கு செல் வருகிறது, அதுவும் விழுங்குகிறது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பார்களே, அந்த வேலைதான்.

உடம்பு உடனே கண்டுபிடிக்காதா?

மெதுவாகத்தான் கண்டுபிடிக்கிறது. காசநோய்க் கிருமி இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். குடலில் வாழும் ஈ.கோலைக்கு நல்ல சூழலில் 20 நிமிடம் போதும். ஆரவாரம் இல்லாமல் வளரும் கிருமி, சத்தம் போடாத செல்லுக்குள் இருக்கிறது. யாராவது அதன் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குக் காட்டினால்தான் படை திரளும். அந்தத் தூது வேலையை டெண்ட்ரிட்டிக் செல்கள் செய்கின்றன. எலிகளில் கிருமி நிணநீர் முடிச்சை எட்டவே 8 நாட்களுக்கு மேல் ஆகிறது. காய்ச்சல் வைரஸ் தொற்றில் இதே வேலை ஓரிரு நாளில் நடந்துவிடும். மனிதர்களில் தோல் பரிசோதனை பாசிட்டிவாக மாறத் தொற்றுக்குப் பின் 3 முதல் 8 வாரம் ஆகும். அவ்வளவு காலம் கிருமி முன்னால் ஓடுகிறது.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்று சிலர் வருவார்கள். இந்த நிணநீர் முடிச்சுகளே கிருமிக்குக் கூடாரமாகிவிடும்போது அப்படி நடக்கும். அதுவும் காசநோய்தான், சளியில் மட்டும் ஒன்றும் தெரியாது.

டி செல்கள் வந்து என்ன மாற்றுகின்றன?

பெருவிழுங்கு செல்லுக்கு உத்தரவு கொடுக்கின்றன. சிடி4 என்ற வகை டி செல் வெளியிடும் இண்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞை பட்டதும், அதுவரை தடைபட்டிருந்த அமிலப் பை வேலை செய்யத் தொடங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு, ஆக்சிஜன் நச்சுகள் என்று ஆயுதங்கள் வெளியே வருகின்றன. செல் தன் உள்ளுறுப்புகளைத் தானே செரிக்கும் ஆட்டோஃபேஜி என்ற வழியிலும் கிருமியைச் சுற்றி வளைக்கிறது.

இந்த ஒரு சமிக்ஞை எவ்வளவு முக்கியம் என்பதை அது இல்லாமல் பிறந்த குழந்தைகள் காட்டியிருக்கிறார்கள். இண்டர்ஃபெரான் காமாவை உணரும் மரபணு பழுதான அபூர்வமான சில குழந்தைகளுக்குப் பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசியிலுள்ள பலவீனமான கிருமியே உடம்பெங்கும் பரவி உயிருக்கு ஆபத்தாகிறது.

எச்.ஐ.வி அழிப்பதும் இந்தச் சிடி4 செல்களைத்தான். அந்தத் தொற்று உள்ளவர்களுக்குக் காசநோய் ஏன் முதல் எதிரியாக இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சிடி8 செல்களும், கிருமியின் மெழுகுக் கொழுப்பையே அடையாளம் காணும் தனி வகை டி செல்களும், இயற்கைக் கொல்லி செல்களும், ஆண்டிபாடி தரும் பி செல்களும் இதில் பங்கெடுக்கின்றன. ஆனால் சிடி4 இல்லாத இடத்தை இவற்றால் நிரப்ப முடிவதில்லை.

ஒரே வீட்டில் இருந்தோம். அவருக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?

தொற்றிக்கொண்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் 2 ஆண்டுகளில். மற்றவர்கள் கிருமியை அடக்கி வைத்திருக்கிறார்கள் அல்லது அழித்தே விட்டிருக்கிறார்கள். உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று ஏதோ ஒரு காலத்தில் ஏற்பட்டிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2023இல் நோயாக மாறியது 1 கோடியே 8 லட்சம் பேருக்கு.

இதைப் பேசும்போது எனக்கு எப்போதும் ஜெர்மனியின் லூபெக் நகரம் நினைவுக்கு வரும். 1929-30இல் அங்கே பிறந்த 251 குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுத்த பி.சி.ஜி மருந்தில், ஆய்வகத் தவறால் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டது. 72 குழந்தைகள் இறந்தன. கொடுமை. அதே சமயம் 135 குழந்தைகள் நோய்வாய்ப்பட்டுத் தேறின, 44 குழந்தைகளுக்கு நோயே வெளிப்படவில்லை. மருந்தே கண்டுபிடிக்கப்படாத காலம் அது. பிறந்து சில நாளே ஆன உடம்பு, வாய்வழியாகப் போன கிருமியைப் பெரும்பாலும் வென்றிருக்கிறது.

அதற்காக "எனக்கு ஒன்றும் வராது" என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியான பிறகு தரப்படும் தடுப்பு மருந்தை, இந்தியாவில் 2021 முதல் எந்த வயதினருக்கும் கொடுக்க வழி இருக்கிறது.

கிரானுலோமா என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கிறதே, அது என்ன?

கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி நம் செல்கள் கட்டும் உருண்டை. நடுவில் கிருமி சுமந்த பெருவிழுங்கு செல்கள், சுற்றிலும் புதிதாக வந்தவை. அவற்றில் சில ஒன்றோடொன்று கலந்து பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களாகியிருக்கும், சில கொழுப்பு ஏறி நுரைத்திருக்கும். வெளி விளிம்பில் டி செல்களும் பி செல்களும், அதற்கும் வெளியே நார்த்திசு. நடுப்பகுதி செத்துப்போனால் திரிந்த பால் கட்டியது போல வெண்மஞ்சளாக மாறும். சில காலத்தில் சுண்ணாம்பு படிந்து கல்லாகும். எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுதான்.

நெடுங்காலம் எல்லோரும் இதைக் கிருமியைப் பூட்டி வைக்கும் சிறை என்றே சொன்னார்கள். இன்று அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

கேம்பிரிட்ஜில் பணிபுரியும் லலிதா ராமகிருஷ்ணன், சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. இவரது குழு வரிக்குதிரை மீனின் குஞ்சுகளில் மீன் காசநோய்க் கிருமியைச் செலுத்திப் பார்த்தது. அந்தக் குஞ்சு கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும், உயிரோடு இருக்கும்போதே செல்கள் நகர்வதைக் காணலாம். 2009இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. புதிய பெருவிழுங்கு செல்கள் உருண்டைக்குள் வந்து, செத்துக்கொண்டிருக்கும் செல்லைக் கிருமியோடு விழுங்கின. அவற்றில் சில அங்கிருந்து கிளம்பி வேறு இடத்துக்குப் போய்ப் புது உருண்டைக்கு வித்திட்டன. ஆரம்ப நாட்களில் இந்த உருண்டை கிருமிக்கு வளரவும் பரவவும் இடம் தருகிறது என்று அது காட்டியது.

மகாக் குரங்குகளின் நுரையீரல் நம்முடையதைப் போலவே நோயுறும். 2014இல் வெளியான ஆய்வில் ஒவ்வொரு உருண்டையும் பெரும்பாலும் ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கியதாகத் தெரிந்தது. அதைவிட முக்கியமானது: ஒரே குரங்கின் நுரையீரலில் ஓர் உருண்டையில் கிருமி அடியோடு அழிந்திருந்தது, இன்னொன்றில் பெருகிக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் இரத்தம் ஒன்று, டி செல்கள் ஒன்று.

அதனால் "எனக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா இல்லையா?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: உங்கள் நுரையீரலுக்குள் பத்து உருண்டைகள் இருந்தால் பத்துக்கும் பத்து விதி. ஒன்பதில் நீங்கள் வென்றாலும் பத்தாவது ஒன்று உடைந்தால் நோய்தான்.

"மூணு பிளஸ்" ஸ்லைடில் என்ன தெரிகிறது?

நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள். ஒரே பார்வைப் புலத்தில் 10க்கு மேல் இருந்தால் மூன்று பிளஸ். தனித்தனியாகவும், கோரைப்பாயின் சிதறிய துரும்பு போலக் குவிந்தும் கிடக்கும். ஆனால் அந்த ஸ்லைடில் கிருமியைவிட அதிகமாக இருப்பவை நம் செல்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் நீலக் கடலாக நிறைந்திருக்கும். அவற்றின் உட்கரு இரண்டு மூன்று துண்டாக முடிச்சுப் போட்டது போல் இருக்கும். சீழ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றின் பிணங்களே.

கொரிய நோயாளிகளின் சளியை வைத்து 2010இல் செய்த ஆய்வில், கிருமியைச் சுமந்திருந்த செல்களில் நியூட்ரோஃபில்களே மிகுதி. வேகமாக வந்து, விழுங்கி, ஓரிரு நாளில் உடைந்து, கையிலிருந்த நொதிகளையெல்லாம் கொட்டிவிட்டுப் போவது இவற்றின் வழக்கம். சாதாரணச் சீழ்க்கட்டியில் அது பலன் தரும். இந்த மெழுகுச் சட்டைக் கிருமியிடம் அது செல்லுபடியாவதில்லை, பக்கத்துத் திசுதான் வேகிறது.

நோய் முற்றியவர்களின் இரத்தத்தில் வைரஸை எதிர்க்கப் பயன்படும் வேறு வகை இண்டர்ஃபெரானின் தடம் நியூட்ரோஃபில்களில் அழுத்தமாகத் தெரிவதையும் அதே ஆண்டில் கண்டார்கள். இண்டர்ஃபெரான் காமா நல்லது செய்கிறது என்று மேலே சொன்னேன். பெயரில் உறவு இருந்தாலும் இது வேறு. இது மிகுந்தால் நோய் மோசமாகிறது.

நுரையீரலில் ஓட்டை விழுவது கிருமி அரித்தா?

கிருமியிடம் நுரையீரலின் நார்ப்புரதத்தை வெட்டும் கத்தி இல்லை. நம்மிடம் இருக்கிறது. கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி-1 என்ற நொதியைப் பெருவிழுங்கு செல்களும் நுரையீரல் செல்களும் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. நியூட்ரோஃபில்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. உருண்டையின் நடுப்பகுதி உருகி மூச்சுக்குழாயில் உடைந்து கொட்டினால் அங்கே பொந்து விழுகிறது. ஆக்சிஜன் தாராளம், டி செல்கள் எட்டாத சுவர். கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. அங்கிருந்து ஒவ்வோர் இருமலிலும் வெளியே போகிறது.

இருமலைக்கூடக் கிருமி தூண்டுகிறது. அதன் சுவரிலுள்ள சல்ஃபோலிப்பிட் என்ற கொழுப்பு வலி நரம்புகளைச் சீண்டி இருமல் வரவைப்பதாக 2020இல் கினிப் பன்றிகளில் காட்டினார்கள்.

சிடி4 செல்கள் மிகவும் குறைந்துபோன எச்.ஐ.வி நோயாளிகளுக்குப் பொந்து அரிதாகவே விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எதிர்ப்பு பலமாக இருப்பவருக்குத்தான் பொந்து. எதிர்ப்பே இல்லாதவருக்குக் கிருமி உடம்பெங்கும் பரவுகிறது. நோயின் ஒரு முனையில் எதிர்ப்பு போதாமை, மறுமுனையில் எதிர்ப்பு மிகுதி.

"எலும்புருக்கி" என்று ஏன் பெயர் வந்தது?

பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள் நம் முன்னோர். சதை கரைந்து எலும்பு தெரியும்வரை ஆளை உருக்கும் நோய். உருக்குவதில் பெரும்பங்கு நம் பெருவிழுங்கு செல்கள் சுரக்கும் டி.என்.எஃப் என்ற சமிக்ஞைக்கு உண்டு. நோயுற்ற விலங்குகளை இளைக்கவைக்கும் பொருள் என்று தேடி, அதற்குக் கேக்கெக்டின் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் டி.என்.எஃபும் ஒன்றே என்று 1985இல் தெரியவந்தது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை எல்லாம் இத்தகைய சமிக்ஞைகளின் வேலை.

மூட்டுவாத ஊசி போடும் முன் ஏன் டிபி டெஸ்ட் கேட்கிறார்கள்?

சில மூட்டுவாத, குடல் அழற்சி ஊசிகள் மேலே சொன்ன டி.என்.எஃபைத்தான் தடுக்கின்றன. கிரானுலோமாவைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கவும் அதே டி.என்.எஃப் வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி புழக்கத்துக்கு வந்த பிறகு, அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001இல் அறிக்கை வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. ஆண்டுக்கணக்காக அடங்கிக் கிடந்த உருண்டைகள் சில வாரங்களில் திறந்துகொண்டன. அதனால் டெஸ்ட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

வரிக்குதிரை மீன் ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. டி.என்.எஃப் குறைந்தாலும் பெருவிழுங்கு செல் வெடித்துச் சாகிறது, கூடினாலும் வெடித்துச் சாகிறது. இரண்டிலும் லாபம் கிருமிக்கு.

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. இதைச் சாக்கிட்டு மக்களிடம் பணம் பறிக்கப்படுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிச்சம். "சக்தியைக் கூட்டு" என்ற பேச்சே இந்த நோய்க்குப் பொருந்தாது என்பதை மேலே பார்த்தோம்.

வைட்டமின் டி பற்றிப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆய்வுத்தட்டில் அது பெருவிழுங்கு செல்லுக்கு உதவுகிறது, பொய்யில்லை. ஆனால் மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளுக்கு 3 ஆண்டுகள் வாராவாரம் கொடுத்துப் பார்த்ததில், காசநோய்த் தொற்று குறையவில்லை. 2020இல் முடிவு வந்தது.

பலன் தந்தது சாப்பாடு. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில், 10,345 குடும்ப உறுப்பினர்களைச் சேர்த்து நடந்த ரேஷன்ஸ் ஆய்வில் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றைப் பரப்பக்கூடிய, கிருமி உறுதியான நுரையீரல் நோய் 48 சதவீதம் குறைந்தது. 2023இல் வெளியானது. பட்டினி கிடக்கும் உடம்பு டி செல்களின் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. வயிறு நிறைந்தால் அவை திரும்புகின்றன.

சாப்பாடு மருந்துக்குப் பதில் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம், ஓய்வும் குறைவு. இருந்தும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். நோயைக் கொல்வது மருந்து, நோய் வராமல் தள்ளிப்போடுவதில் சோறு பெரிய ஆள்.

பெருவிழுங்கு செல்லைக் கெடுப்பவற்றை நிறுத்துவதும் நம் கையில் இருக்கிறது. புகைப்பவரின் நுரையீரல் செல்களைப் பார்த்தால் லைசோசோம்களில் புகைத்துகள் அடைந்து நகரவே சிரமப்படுகின்றன. கல்குவாரி, மணல்தூசி வேலையில் உள்ளே போகும் சிலிக்கா அந்தச் செல்லைக் கொன்றேவிடும். சர்க்கரை நோய் ஆபத்தை 2 முதல் 3 மடங்கு கூட்டும். காசநோய் என்று சீட்டு வந்ததும் சர்க்கரையும் பாருங்கள், சர்க்கரை உள்ளவர் 2 வாரம் இருமினால் சளியும் கொடுங்கள்.

குழந்தையிலேயே பி.சி.ஜி போட்டோமே, பிறகு எப்படி வந்தது?

பிரான்ஸின் கால்மெட்டும் கெரானும் 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்துப் பலவீனப்படுத்திய மாட்டுக் காசநோய்க் கிருமி பி.சி.ஜி. 1921இல் முதலில் கொடுக்கப்பட்டது. அந்த வளர்ப்பில் அது இழந்த மரபணுக்களில் இசாட்-6உம் ஒன்று. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகைக் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் வகையையும் அது நன்றாகத் தடுக்கிறது. அதனால் கட்டாயம் போட வேண்டும்.

பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அது போதாது என்பதற்கு உலகத்துக்கே சாட்சி சொன்னது நம் செங்கல்பட்டு. 1968இல் தொடங்கி ஏறத்தாழ 3,60,000 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வில், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக்காரக் கிருமிகளால் மக்களின் டி செல்கள் முன்பே பழகியிருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தோளில் போடும் ஊசி இரத்தத்தில் நினைவு செல்களை உண்டாக்குகிறது. நுரையீரல் திசுவிலேயே குடியிருக்கும் நினைவு டி செல்களை அது போதிய அளவில் தருவதில்லை. மகாக் குரங்குகளுக்கு அதே பி.சி.ஜியை இரத்தக்குழாய் வழியே ஏற்றியபோது, நுரையீரல் டி செல்கள் பெருகி 10இல் 9 குரங்குகள் காப்பாற்றப்பட்டதாக 2020இல் அறிவித்தார்கள். மனிதர்களுக்கு அப்படிப் போடுவதில்லை, யாரும் முயலவும் கூடாது.

எம்72 என்ற புதிய தடுப்பூசி ஏற்கனவே தொற்றுள்ள பெரியவர்களில் நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அதன் மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியிருக்கிறது.

டிபி டெஸ்ட்டுக்காகக் கையில் போட்ட ஊசி தடித்துவிட்டது. எனக்கு நோயா?

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உங்கள் டி செல்களுக்கு அந்தக் கிருமி தெரியும் என்று மட்டும் அர்த்தம். 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பது அவை அங்கே வந்து கூடியதால். பி.சி.ஜியாலும் தடிக்கலாம். நோயா என்று சொல்ல எக்ஸ்ரேயும் சளியும் வேண்டும்.

ஆறு மாதம் எதற்கு? இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டதே.

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களில் செத்துவிடும், அதனால் இருமல் நிற்கிறது, எடை ஏறுகிறது. மிச்சம் இருப்பவை உருண்டையின் நடுவே திரிந்த பால் போன்ற பகுதியில், ஆக்சிஜன் குறைந்து, பெருகாமல் முடங்கியிருப்பவை. இரத்தக்குழாய் இல்லாத அந்த இடத்துக்கு எல்லா மருந்தும் எளிதில் போவதில்லை. ரிஃபாம்பிசின் ஊறிச் சேர்கிறது, அதற்கும் நாள் வேண்டும். பைரசினமைடு அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும். நடுவில் நிறுத்தினால் மருந்தைத் தாக்குப்பிடித்தவையே மறுபடி வளரும்.

மருந்து தொடங்கிய பிறகு நெறி இன்னும் வீங்கிவிட்டது. மருந்து வேலை செய்யவில்லையா?

பெரும்பாலும் உங்கள் செல்கள் விழித்துக்கொண்டதன் அடையாளம். செத்த கிருமியின் துணுக்குகளைக் கண்டு அவை பாய்கின்றன. எச்.ஐ.வி மருந்தும் சேர்ந்து தொடங்கியவர்களிடம் இது கடுமையாக இருக்கும். மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். மருந்து எதிர்ப்புக் கிருமியா என்றும் அவர் பார்ப்பார். மூளைக் காசநோயில் இந்தப் பாய்ச்சலே உயிரைக் குடிக்கும் என்பதால் கூடவே ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். வியட்நாமில் 545 பேரிடம் நடந்த சோதனையில் அது இறப்பைக் குறைத்ததாக 2004இல் வெளியானது.

மருந்து முடிந்தது, சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நிழல் ஏன் போகவில்லை?

அது தழும்பு. உருண்டைகள் இருந்த இடத்தில் நார்த்திசுவும் சுண்ணாம்பும் படிந்திருக்கின்றன. பொந்து இருந்தவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதும் தொடரலாம், அதற்கு மூச்சுப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு. நிழலை மட்டும் பார்த்து மறுபடி ஆறு மாத மருந்து தொடங்கப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் அதையும் எடுத்துப் போங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.